தையலுக்கு விட்ட அரை அங்குலம்

என் அண்ணிக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. நாத்தனார் குறை சொல்கிறாள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பாள். ஒன்பது மணிப் பேருந்துக்கு எட்டரைக்கே போய் நிற்பாள். குடை எடுத்துப் போகிற நாளிலும் பைக்குள் ஒரு மழைக்கோட்டை மடித்து வைத்திருப்பாள். "எதுக்கு அண்ணி இத்தனை?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "தையலுக்கு விடணும்ல."

அவள் தையல்காரி. தைக்கப்போகிற கோட்டிலேயே துணியை வெட்டிவிட்டால் சட்டை உடம்பில் ஏறாது. கோட்டுக்கு வெளியே சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். அந்த அரை அங்குலம் உள்பக்கம் மடங்கிப் போய்விடும், யார் கண்ணுக்கும் தெரியாது. பின்னால் உடம்பு பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். முப்பது வருடமாகத் தினமும் துணி வெட்டுகிற கை அது. எதைத் தொட்டாலும் சுற்றிலும் கொஞ்சம் விட்டுத்தான் அதற்குப் பழக்கம்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் அவள் கடை. தெருவைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல், அதற்குக் கீழே கால் மிஷின், பக்கத்தில் வெட்டுகிற மேசை. சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய அளவுகள் தொங்கும். இந்தத் தெருவில் யாருக்கு எந்த வருடம் தொப்பை விழுந்தது என்பது அண்ணியிடம் ஆதாரத்தோடு இருக்கிறது. என்னுடைய ஆணியில் மட்டும் பதினொரு காகிதங்கள். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

நான் குடியிருப்பது மாடியில் ஒற்றை அறை. வேலை பார்ப்பது மருந்துக் கிடங்கில். மலைமேல் இருக்கிற வீடுகளுக்குப் போகிற மருந்துப் பெட்டிகளைக் கட்டி, மேலே பெயர் எழுதுவேன். அந்தப் பெட்டிகளை வாரம் மூன்று நாள் மேலே கொண்டுபோய்க் கொடுத்தவன் என் அண்ணன். அவன் எனக்கு ஒன்றரை வயதுதான் மூத்தவன். 'டேய்' என்று கூப்பிட்டே வளர்ந்தேன், இனிமேல் மரியாதை கொடுத்தால் அவனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அண்ணனிடம் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி ஒன்று இருந்தது. அண்ணியைப் பார்க்கும் முன்பே அவன் அதைக் கட்டிக்கொண்டுவிட்டான் என்று நான் கிண்டல் செய்வேன். கல்யாணமே அந்த வண்டியால்தான் நடந்தது. சீட் உறை தைக்க ஆள் தேடிக்கொண்டு போனவன், அப்போது வேறொரு கடையில் வேலைக்கு இருந்த அண்ணியிடம் போய்ச் சேர்ந்தான். அவள் நாடாவும் கையுமாக வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து அரை மணி நேரம் அளவெடுத்தாள். உறை தயாராகி வந்தபோது எல்லாப் பக்கமும் கொஞ்சம் தொளதொள என்று இருந்தது. "இன்னும் அழுத்தமா பஞ்சு வெச்சா சரியாயிடும். தையலுக்கு விட்டிருக்கேன்" என்றாளாம். பஞ்சு வைக்க ஒரு தடவை, சரிபார்க்க ஒரு தடவை, சும்மா ஒரு தடவை என்று அண்ணன் போய் வந்ததில் ஆறு மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

அவன் மலைக்குப் போகிற காலைகளில் வாசலில் ஒரே பேச்சுத்தான் நடக்கும்.

"நாலு மணிக்கு வந்துடுவேன்."

"நாலரைன்னு வெச்சுக்கறேன்."

"நாலுன்னா நாலுதான், டெய்லர்."

"சரிங்க. நான் நாலரைன்னு வெச்சுக்கறேன்."

அண்ணனுக்கு இதில் கோபம்கூட வரும். தன் ஓட்டுதலில் நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்கிறது என்பான். ஆனால் நாலு அடித்ததும் அண்ணியின் மிஷின் சத்தம் மாறுவதை நான் மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். நாலு தையல் ஓடும், நிற்கும். ஓடும், நிற்கும். தூரத்தில் ஹார்ன் கேட்டால் போதும், துணியைப் பாதியில் ஊசிக்கடியிலேயே விட்டுவிட்டு எழுந்து ஓடுவாள். நாலரையைத் தாண்ட அவன் அவளை ஒருநாளும் விட்டதில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

அன்று காலையில் நல்ல மழை. மலைப்பாதையின் ஏழாவது வளைவில் ஓரம் இடிந்து, வண்டி பக்கவாட்டில் சரிந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் உதவி செய்ய இறங்கினார். லாரியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, வண்டியின் முன்பக்க பம்பரில் சங்கிலியைக் கட்டி இழுத்தார். அண்ணன் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பம்பர் பழைய தகடு, அடியெல்லாம் துரு. அது மட்டும் பிய்ந்துகொண்டு லாரியோடு போய்விட்டது. வண்டி அண்ணனோடு பின்னோக்கி இருபது அடி சரிந்து, இரண்டு மரங்களில் மோதி நின்றது. ஆட்கள் கயிறோடு வந்து அவனை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஆறு மணி நேரம் அவன் அந்த மரங்களை நம்பி அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

இங்கே நாலு ஆனது. நாலரை ஆனது. விட்டு வைத்த அரை மணி நேரமும் தீர்ந்துபோனது. அண்ணி வாசலில் இறங்கி நின்றாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது, அது இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை நான் மறக்க முயற்சி செய்துகொண்டே இருக்கிறேன்.

உடம்பில் தோள் எலும்பு மட்டும்தான் விரிசல் விட்டது, அது கூடியும்விட்டது. வண்டியையும் மேலே தூக்கி, சரிசெய்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் அண்ணன் அதை எடுக்கவே இல்லை. இன்று டயர் சரியில்லை என்பான். நாளை மழை வரும் என்பான். வேறொரு ஆள் சின்ன வேனில் ஆறாவது வளைவு வரை பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மேலே இருப்பவர்கள் நடந்து இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் என்ன செய்தான் என்றால், தினமும் காலையில் முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு, கொட்டகைக்குப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தான். சாவி போடமாட்டான். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும். கொட்டகையின் கூரையில் அங்கங்கே ஓட்டை. வெயில் கம்பி கம்பியாக இறங்கும், அதில் பஞ்சுத் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் டீ கொண்டுபோகும்போது பார்ப்பேன். அவன் கால் கிளட்சை மிதிக்கும், கை மெல்ல வலது பக்கம் ஒடிக்கும், பிறகு இடது. வளைவுகளை எண்ணிக்கொண்டு போகிறான் என்று எனக்குப் புரிந்தது. நானும் எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, ஆறு வரைக்கும் போவான். அதற்குமேல் கை அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒன்றிலிருந்து.

சில மத்தியானங்களில் அண்ணியும் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வாள், கையில் காஜா எடுக்க வேண்டிய சட்டையோடு. இரண்டு பேரும் ஓடாத வண்டியில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்கள். எதிரில் செங்கல் சுவர், ஆனால் இருவர் கண்ணும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். டீ டம்ளரை நீட்டும்போது, ஓடுகிற வண்டியை நிறுத்திக் கொடுப்பது மாதிரி எனக்கே தோன்றும். கொஞ்ச நாளில் நானும் வண்டிக்கு முன்பக்கமாகக் குறுக்கே போவதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் அண்ணி அங்கிருந்து திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை.

"மகராசி, இவர் அதுக்குள்ளயே உக்காந்து உக்காந்து கரைஞ்சுபோயிடுவாரு" என்றாள். என்னை மகராசி என்பது அவள் வைத்த பெயர், பாராட்டு என்று நம்பிவிட வேண்டாம். "அவருக்கு மலை மேல பயமில்ல. வண்டி மேலயும் பயமில்ல. பிடிச்சுக்கிட்டு இருந்தது பிஞ்சு போச்சு. அதான் பயம்."

"அதுக்கு என்ன பண்ணணும்கறீங்க?"

"பிய்யாத ஒண்ணு தைக்கணும்."

அவள் சொன்னது பம்பரை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும் விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

தெருக்கோடியில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. அதை நடத்துகிறவனை எல்லோரும் பொறி என்றுதான் கூப்பிடுவோம். அவன் போடுகிற எல்லாச் சட்டையிலும் தீப்பொறி விழுந்த ஓட்டைகள் இருக்கும், அண்ணிதான் ஒட்டுப்போட்டுக் கொடுப்பாள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், வாய் மட்டும் அவளைவிடப் பெரியது. அண்ணி போய்க் கேட்டபோது அவன் விளக்கினான். மலையேறும் வண்டிகளுக்கென்றே கெட்டித் தகட்டை வெட்டித் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், வாங்கி நாமே வெல்டு வைத்து பம்பராக ஆக்கிக்கொள்ளலாம். நடுவில் விஞ்ச் வைக்க இடம் இருக்கும். விஞ்ச் என்றால் இரும்புக் கயிறு சுற்றிய உருளை, கயிற்றின் முனையை ஒரு மரத்தில் கட்டிவிட்டால் வண்டி தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ளும்.

"ஆனா அதெல்லாம் புது வண்டிக்குத்தான் அக்கா வருது. உங்க வீட்டுக் கிழட்டு வண்டிக்கு எவன் வெட்டி வெச்சிருக்கான்?"

"வெட்டுறதும் நானே வெட்டிக்கறேன்" என்றாள் அண்ணி. "நீ வெல்டு ஓட்ட மட்டும் சொல்லிக்குடு."

"நானே ஓட்டித் தரேனே. ரெண்டு நாள் வேலை."

"வேணாம். நான் ஓட்டணும்."

ஏன் என்று அவனும் கேட்டான், நானும் கேட்டேன். அதற்குப் பதில் தெரிந்தது பிறகுதான்.

இரண்டு மாதம், தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் பட்டறைக்குப் போனாள். அண்ணனிடம் சீருடைத் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவைத்தோம். அவன் கொட்டகையை விட்டு வெளியே வந்தால்தானே எது உண்மை என்று தெரியும். பழைய சோபாவைப் பிரித்து எடுத்த தோலில் தனக்கொரு மேலங்கியும் கை உறையும் தைத்துக்கொண்டாள். பொறி அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டான். முதல் வாரம் உருக வேண்டிய வெல்டிங் கம்பி தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. இரண்டாவது வாரம் தகட்டில் ஓட்டை விழுந்தது. "அக்கா, கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கு" என்றான் பொறி. "முதல் நாள் மிஷின்ல உக்காந்தவ எல்லாம் இப்படித்தான் தைப்பா, போடா" என்றாள் அவள்.

நான் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். இன்னொரு முகமூடியை என் தலையில் மாட்டிவிட்டார்கள். மாட்டியதும் பட்டறை காணாமல் போய்விட்டது. தெரு இல்லை, வெயில் இல்லை, என் கை எனக்குத் தெரியவில்லை. பிறகு எங்கேயோ தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் பிறந்தது. பச்சை நிறம். அதற்குள் இரும்பு தேன் பதத்தில் உருகி, மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது. அது நகர்ந்த வழியெல்லாம் வரி வரியாக உறைந்தது. சத்தம்கூடத் தள்ளிப் போய்விட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெளிச்சம் அணைந்து முகமூடியைக் கழற்றியபோது, தூக்கத்தில் யாரோ எழுப்பிவிட்ட மாதிரி எரிச்சலாக இருந்தது. "உள்ள போயிட்டா நேரமே தெரியறதில்லல்ல?" என்றாள் அண்ணி. "அந்த ஆறு மணி நேரமும் அவருக்கு இப்படி இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அளவெடுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. வியாழக்கிழமைகளில் அண்ணன் தோளுக்குப் பயிற்சி செய்ய மருத்துவமனைக்குப் போவான், மூன்று மணி நேரம் வரமாட்டான். அப்படி ஒரு வியாழனில் அண்ணி, பொறி, நான் மூவரும் கொட்டகைக்குள் புகுந்தோம். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து, வண்டியின் முகத்தில் வைத்து, வளைத்து, டேப் ஒட்டி, ஒரு முழு பம்பரை அட்டையிலேயே செய்தாள். சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் முனையில் போல்ட் துளைகள் இருக்கிற இடத்தில் காகிதத்தை வைத்து சாக்கட்டியைத் தேய்த்து அப்படியே படியெடுத்தாள். அட்டை பம்பர் அச்சாகப் பொருந்தியது. பொறியே வாயை மூடிக்கொண்டு பார்த்தான். அது நடப்பது அபூர்வம்.

பிறகு அட்டையைப் பிரித்து, மேசையில் போட்டு, ஒவ்வொரு துண்டையும் பழுப்புக் காகிதத்தில் வரைந்தாள். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். காகிதங்கள் தகடு வெட்டும் பட்டறைக்குப் போயின. மறுநாள் அங்கிருந்து போன் வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு கோடு இருக்கிறதே, எதில் வெட்டுவது என்று கேட்டார்கள். அண்ணி அப்போது ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "வெளிக்கோட்டுல வெட்டுங்க" என்றாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

துண்டுகள் வந்தன. அஞ்சு மில்லிமீட்டர் கனம், ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அண்ணி முதலில் அங்கங்கே சின்னப் புள்ளி புள்ளியாக வெல்டு வைத்து நிறுத்தினாள். பட்டறையில் அதை டேக் என்கிறார்கள், அண்ணி ஓட்டுத் தையல் என்றாள். துண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று அழகாகக் கவ்விக்கொண்டன. பிறகு முழுத் தையல். வலது ஓரத்தில் ஒரு சாண், நிறுத்தி, இடது ஓரத்தில் ஒரு சாண். ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டே போனால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துணியும் அப்படித்தான் சுருங்கும் என்றாள்.

"முழுசா ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை வண்டியில வெச்சுப் பாத்துடலாம் அக்கா" என்று பொறி இரண்டு தடவை சொன்னான். அவள் கேட்கவில்லை. பாதி வேலையைப் பார்த்தால் அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிடுவான், முடிந்ததைப் பார்த்தால் சொல்ல முடியாது. அது அவள் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார்கள். கறுப்பு பெயின்ட் அடித்து, நடுவில் விஞ்ச் பொருத்தி, இரண்டு பக்கமும் கொக்கி மாட்டும் வளையத்தோடு அது வந்தது. அண்ணன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியாக அது தன்னை நோக்கி வருவதைப் பார்த்தவன், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யார் செஞ்சது?"

"நான்தாங்க" என்றாள் அண்ணி.

அதை வண்டியின் முகத்தில் தூக்கி வைத்தார்கள். போல்ட்டுகள் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி உள்ளே போயின. மேல் விளிம்பு கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது, கம்பீரம் என்று நினைத்துக்கொண்டோம். பொறி கை தட்டினான், தூக்கி வந்தவர்களும் தட்டினார்கள். அண்ணி அண்ணனிடம், "ஸ்டீயரிங்கை முழுசா ஒடிங்க" என்றாள். அவன் வலது பக்கம் ஒடித்தான். பம்பரின் ஓரம் டயரில் பட்டுக் கிரீச் என்றது. இடது பக்கம் ஒடித்தான். அங்கேயும் கிரீச்.

அண்ணி கடைக்குள் போய்ப் பழுப்புக் காகிதங்களோடு திரும்பி வந்தாள். ஒன்றை விரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு கோடு, அரை அங்குலம் தள்ளி வெளியே ஒரு கோடு. எல்லாக் காகிதத்திலும் அப்படியே. எல்லாத் துண்டும் சமமாகப் பெரியதாக இருந்ததால்தான் ஒன்றோடொன்று அவ்வளவு ஒற்றுமையாக இருந்திருக்கின்றன. போல்ட் துளைகளை மட்டும் நடுவிலிருந்து அளந்து வைத்ததால் அவை தப்பித்தன. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தையலுக்கு விட்டுட்டேன்" என்றாள். "இரும்புல போயி தையலுக்கு விட்டிருக்கேன் பாருங்க."

இரண்டு மாத உழைப்பு. அதைவிட, இன்னொன்று பொருந்தாமல் போனதை அண்ணன் கண்ணால் பார்த்துவிட்டானே என்று இருந்தது. வண்டிக் கதவு திறந்தது. அவன் இறங்கி வந்து அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காகிதத்தை வாங்கிப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் நினைத்தேன்.

"டெய்லர்" என்றான். "வண்டி இனிமே குண்டாகப் போகுதா?"

சிரித்துக்கொண்டிருந்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்தான். "கல்யாணச் சட்டையில நீ விட்டது இன்னும் மடிஞ்சு உள்ளயே கிடக்கு. நான்தான் குண்டாகவே இல்ல. சரி, வண்டியாவது ஆகட்டும்னு விட்டியா?" பொறி சிரித்தான், தூக்கி வந்தவர்கள் சிரித்தார்கள், கடைசியில் அண்ணியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். நான் மட்டும் அழுதேன். எனக்கு எதையும் உரிய நேரத்தில் செய்யத் தெரியாது.

பிறகு அண்ணன் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டான். "தகடு அறுக்கற கிரைண்டர் குடு" என்று பொறியிடம் கேட்டான். ஏழு மாதமாக ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாதவன். அண்ணி இரண்டு ஓரத்திலும் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தாள். அவள் மறுபடியும் அரை அங்குலம் விட்டுவிடாமல் அவன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டான். வெட்டிய இடத்தில் புது மூடி வைத்து அவள் வெல்டு வைத்தாள். வண்டியில் வைத்தே செய்ததால் பேட்டரி ஒயரை முதலில் கழற்றச் சொன்னவன் அவன்தான். மத்தியானத்துக்குள் டயர் இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியது. வெட்டி எடுத்த இரண்டு இரும்பு நாடாக்களை அண்ணி துடைத்து எடுத்துப்போனாள். அவை இப்போது அண்ணனின் ஆணியில், அவன் சட்டைக் காகிதங்களுக்குப் பின்னால் தொங்குகின்றன.

ஆனால் அவன் இன்னும் சாவி போடவில்லை. பம்பரைத் தடவிப் பார்த்தான், வெல்டு வரிகளை விரலால் எண்ணினான். அவன் மனதில் ஓடியது எனக்கே தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிடிக்குமா?

அடுத்த வாரம் ஒரு பனிக் காலையில் ஊருக்கு வெளியே இருக்கிற கைவிட்ட கல் குழிக்குப் போனோம். பொறிதான் வண்டியை ஓட்டி வந்தான், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். அங்கே செங்குத்தாக ஒரு மண் சரிவு, மேலே ஒரு பெரிய மரம். விஞ்ச் கயிற்றை மரத்தில் கட்டினார்கள். சரிவில் வண்டியை மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, பிரேக்கை விட வேண்டும். பிரேக்கை விட்டால் வண்டி முழுக்க அந்த பம்பரிலிருந்துதான் தொங்கும். கீழே குழியின் அடிமட்டம் தெரியவில்லை, பால் மாதிரி பனி நிறைந்திருந்தது. கொஞ்சம் தள்ளிப் போனால் உலகமே முடிந்துபோய்விட்டது என்று சொல்லத் தோன்றும்.

"நான் உக்காந்து விடறேன்" என்றான் பொறி.

"வேணாம்" என்று அண்ணன் சொன்னான். அவனே ஏறினான். கதவை மூடப் போகும்போது, மறுபக்கக் கதவு திறந்தது. அண்ணி ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கு" என்றான்.

"மாட்டேன்."

"டெய்லர், விளையாடாதே. எறங்கு."

"தைச்சவ நான்" என்றாள் அண்ணி. "பிரிஞ்சா என்னையும் சேத்துத்தான் பிரியணும். அதுக்குத்தான் வெல்டை நானே ஓட்டினேன். வேற யாரோ ஓட்டியிருந்தா நான் எப்படிங்க இதுல உக்காருவேன்?"

நான் மேலே மரத்தடியில் நின்றிருந்தேன். அவர்கள் பேசியது பனியில் தெளிவாகக் கேட்டது. அண்ணன் அவளைப் பார்த்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

கயிறு விர்ரென்று இறுகியது. மரம் ஒரு தடவை முனகியது. வண்டி ஒரு விரல் அளவு பின்னால் போய், நின்றது. அசையவில்லை. பிடித்துக்கொண்டது.

உடனே மேலே இழுப்பான் என்று பார்த்தேன். இழுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தார்கள். பனி மெதுவாகக் கீழேயிருந்து ஏறி வந்து சக்கரங்களை மூடியது, கதவுகளை மூடியது. வெள்ளையில் ஒரு கறுப்பு பம்பரும் இரண்டு முகங்களும் மட்டும் மிதந்தன. அண்ணன் கை ஸ்டீயரிங்கில் அசைவதைப் பார்த்தேன். வலது பக்கம் ஒடித்தான், இடது பக்கம் ஒடித்தான். நான் எண்ணினேன். ஆறு. அவன் கை நின்றது. அண்ணி எதுவும் செய்யவில்லை, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை நகர்ந்தது. ஏழு. எட்டு. ஒன்பது. மலை உச்சி வரைக்கும் போய்விட்டுத்தான் விஞ்ச் பொத்தானை அழுத்தினான். வண்டி பனியிலிருந்து மேலே ஏறி வந்தது.

மறுநாள் நான் கிடங்கிலிருந்து பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தேன். மேலே இருக்கிற ஒவ்வொரு வீட்டின் பெயரையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன். அண்ணன் வண்டியில் ஏற்றினான். அண்ணி வாசலில் நின்றாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். தன் பழக்கத்தின் மேல் அவளுக்கே வெட்கம் வந்துவிட்டது போலும்.

அண்ணன் ஜன்னலை இறக்கினான்.

"நாலு மணிக்கு வந்துடுவேன்" என்றான். வண்டி நகர்ந்தது. பத்தடி போய் நின்றது. தலை வெளியே வந்தது. "நாலரைன்னு வெச்சுக்கோ."

அன்று எனக்கு அரை நாள் விடுப்பு. மூன்றரைக்கே முன்னறையில் வந்து உட்கார்ந்துவிட்டேன், மாடியில் இருப்புக்கொள்ளவில்லை. நாலு அடித்தது. அண்ணியின் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நாலே கால் ஆனது. நான் ஜன்னலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் ஒரு நீளமான திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள், சாயங்கால வெயில் துணியின் மேல் விழுந்து ஊசியோடு நகர்ந்தது. நாலு இருபத்தைந்துக்குத் தெருமுனையில் ஹார்ன் கேட்டது.

நான் துள்ளி எழுந்தேன். அண்ணி எழவில்லை. கால் அதே நிதானத்தில் மிதித்தது. வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் ஓரத்தைக் கடைசி வரைக்கும் தைத்து முடித்தாள். நூலை அறுத்தாள். பிறகுதான் எழுந்து வெளியே போனாள்.